மறுபடி பார்க்கணும்

நான் யாருக்கும் கெட்ட செய்தி சொல்லிப் பழகாதவன், ஐயா. வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோனால்கூட, "இன்னிக்கு வெறும் டீ குடிச்சுப் பாரு, உடம்புக்கு நல்லது" என்றுதான் மனைவியிடம் சொல்வேன். அவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு முறைப்பாள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். இதைப் பலரும் நல்ல மனசு என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கட்டட நிறுவனம் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றால் நானும் ஒரு மின்விசிறியும். கட்டுமான இடத்தில் இன்ஜினியர்கள் ஒவ்வொரு வேலையையும் சோதித்து செல்போனில் செக்லிஸ்ட் நிரப்புவார்கள். கம்பி கட்டியாச்சா, பலகை அடைச்சாச்சா, கான்கிரீட் போடலாமா என்று. அதையெல்லாம் தலைமை அலுவலகத்தில் ஒரே திரையில் வரவழைத்து, வேண்டியதை மட்டும் பிரித்துக் காட்டும் மென்பொருள் நான் எழுதியது. பிரிக்கிற பகுதிக்கு ஃபில்டர் என்று பெயர். டீ வடிகட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கோப்பையில் என்ன விழுகிறது என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். சக்கையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

முதலில் இரண்டு பொத்தான்கள்தான்: சரி, தவறு. மேனேஜர் காலையில் வந்ததும் 'தவறு' என்று ஃபில்டர் போட்டுப் பார்ப்பார். பட்டியல் காலியாக இருந்தால் கான்கிரீட் வண்டிக்குச் சம்மதம். ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த மாடி முழுக்க வேலை நிற்கும். பிறகு மேஸ்திரி பாடு திண்டாட்டம்.

மூன்றாவது பொத்தானைக் கேட்டது, இப்போது நீங்கள் உள்ளே உட்காரவைத்திருக்கும் பெண்தான். எதையும் இரண்டு தரம் தட்டிப் பார்க்கும் இன்ஜினியர். 'சந்தேகம்' என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்.

"அண்ணா, எதுக்கெடுத்தாலும் தவறுன்னு போட்டா மேஸ்திரி அழுவுறாரு. சரின்னு போட எனக்கு மனசு வரல. நடுவுல ஒண்ணு வச்சுக் குடுங்க."

"சந்தேகம்னே ஒரு பொத்தான் வச்சிரட்டுமாம்மா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணா. 'மறுபடி பார்க்கணும்'னு வைங்க."

வைத்தேன். ஆனால் பழைய ஃபில்டருக்கு இந்தப் புதுப் பொத்தானை அறிமுகம் செய்துவைக்க மறந்துவிட்டேன். அதனால் 'மறுபடி பார்க்கணும்' என்று போட்டது எதுவும் சரியிலும் வராது, தவறிலும் வராது. ஃபில்டரையே எடுத்துவிட்டு மொத்தப் பட்டியலையும் பார்த்தால்தான் கண்ணில் படும். அதைப் பார்க்க மேனேஜருக்கு என்ன தலையெழுத்து? இது கைப்பிழை, ஐயா. இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் ஸ்டேஷன் படியேறி வந்தேன்.

அந்த வாரக் கூட்டத்தில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா, திரை எவ்வளவு சுத்தமா இருக்கு. தவறுன்னு ஒண்ணுகூட இல்ல. இதுக்குப் பேர்தான் வேலை." அதுவரை என்னைத் தட்டியவர்கள் எல்லோரும் தலையில்தான் தட்டியிருக்கிறார்கள். இருக்கைக்குத் திரும்பியபோது எனக்கே உறுத்தியது. கட்டட வேலையில் இவ்வளவு சுத்தம் எங்கிருந்து வந்தது? ஃபில்டரை எடுத்துப் பார்த்தேன்.

வரிசையாக 'மறுபடி பார்க்கணும்'. பெரும்பாலும் சில்லறை விஷயங்கள். பலகையில் இடுக்கு, குழாய்ச் சரிவு. ஒன்று மட்டும் சில்லறை இல்லை. மூன்றாம் மாடி, மூலை வீடு, பால்கனி. 'மேல்கம்பி மிதிபட்டு அடியில் கிடக்கிறது. தூக்கிக் கட்டாமல் கான்கிரீட் போட வேண்டாம்.'

சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியைத் தாங்குவது மேலே போகிற கம்பிதான். அது அடியில் கிடந்தால், பால்கனி பார்ப்பதற்கு பால்கனி மாதிரியே இருக்கும். அவ்வளவுதான்.

மறுநாள் அங்கே கான்கிரீட். மேனேஜர் அறை எனக்கு நேர் எதிரே. எழுந்தேன். தட்டிய தோள் இன்னும் சூடாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணை வேறு கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று சாயங்காலம் அங்கிருந்து போன் செய்தாள்.

"அண்ணா, மூலை வீட்டு பால்கனிக்கு நான் எழுதினது சாருக்குத் தெரியுதுல்ல?"

"எல்லாம் சர்வர்ல இருக்கும்மா."

"அப்பச் சரிண்ணா" என்று நிம்மதியாக வைத்துவிட்டாள். நான் சொன்னது பொய் இல்லை. இன்றைக்கும் அது சர்வரில்தான் இருக்கிறது.

கான்கிரீட் போட்டு முடித்த பிறகு ஃபில்டரைச் சரிசெய்தேன். புதிதாக வரும் பட்டியல்களுக்கு மட்டும். பழையதைத் தொட்டால், ஏன் தொட்டாய் என்று யாராவது கேட்பார்கள். அதன்பின் அந்த வரியையே மறந்துபோனேன் என்று எழுதித் தரலாம் என்றிருந்தேன். மறக்கவில்லை.

கட்டடம் முடிந்தது. எங்கள் அக்காவுக்கு அங்கே ஒரு வீடு வாங்க ஆசை. எந்த வீடு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். அக்கா போனில் துள்ளினாள்.

"டேய், மூணாம் மாடி மூலை வீடுடா! ரெண்டு பக்கமும் காத்து. பிள்ளைங்க பால்கனியிலயே கிடக்கும் பாரு."

"அந்தப் பக்கம் வெயில் கொளுத்தும்க்கா. எதிர் வீட்டோட மாத்திக்கோ."

"உனக்கு எதுலடா திருப்தி வந்திருக்கு? உங்க மச்சான்கிட்ட நீயே சொல்லு."

சொன்னேன். மச்சானிடம் வெயிலைப் பற்றி நான் பேசிய பேச்சில் அவருக்கே வேர்த்துவிட்டது.

எதிர் வீடு ஒரு தையல்காரம்மாவுக்கு விழுந்திருந்தது. தனியாள். கண் கொஞ்சம் மங்கல். அவரிடமும் நான்தான் போனேன்.

"மூலை வீட்டுல ஊசியில நூல் கோக்கக் கண்ணாடியே வேணாம்மா. அவ்வளவு வெளிச்சம்."

"அய்யோ தம்பி, எனக்காகவா உங்க அக்கா விட்டுக்குடுக்கிறாங்க?"

"அக்காவுக்கு வெயில் ஆகாதும்மா."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். குடிவந்ததும் அக்கா மகளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இதைத் திட்டம் என்று சொல்லிவிடாதீர்கள், ஐயா. ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். ஒன்றும் ஆகாது என்றால் அக்காவை ஏன் மாற்றினாய் என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். முகம் கழுவும்போதெல்லாம் கண்ணாடி அதைத்தான் கேட்கிறது.

மழை விடாமல் பெய்த ஒரு காலை, அந்த பால்கனி தையல்காரம்மாவோடு கீழே போனது. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்காவும் மச்சானும் கதவை உடைத்துத் திறந்தார்கள். வீட்டின் அந்தக் கடைசியில் வானம் தெரிந்ததாம். அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "வெயில்னுதானேடா சொன்னே?" அதற்குப் பிறகு அவள் என் போனை எடுப்பதில்லை.

விசாரணைக்காக அந்த மாடியின் செக்லிஸ்ட்டை எடுத்துத் தரச் சொன்னார் மேனேஜர். "தவறுன்னு பதிவானது எதுவோ அதை எடுப்பா." அதை மட்டும் எடுத்தேன். காலித் தாள் வந்தது. நீங்கள் கோப்பில் வைத்திருப்பது அதுதான். அதை வைத்துத்தான், அந்தப் பெண் எதையும் கவனிக்கவில்லை, எழுதினேன் என்று இப்போது கதை விடுகிறாள் என்று முடிவு செய்தீர்கள்.

போன தடவை என்னைக் கூப்பிட்டிருந்தபோது வராந்தாவில் அவளைப் பார்த்தேன். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா. நான் எழுதினேன்ல?" என்றாள். பக்கத்தில் அவள் அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலில் நிற்பதுபோல் நின்றிருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் சர்வர்ல இருக்கும்மா."

அவளை விட்டுவிடுங்கள், ஐயா. ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தால் ஃபில்டரை எடுத்துவிட்டு இங்கேயே காட்டுகிறேன். அவள் எழுதிய தேதியும் நேரமும் அதில் இருக்கும். அதற்குக் கீழே, அந்தப் பதிவை நான் திறந்து பார்த்ததும் இருக்கும். கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் ஒரு தடவை. அக்காவுக்குச் சீட்டு விழுந்த அன்று இன்னொரு தடவை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது எந்தப் பட்டியலிலும் இல்லை. குடிவந்த அன்று தையல்காரம்மாவால் தையல் மிஷினைத் தூக்க முடியவில்லை. பழைய காலத்து இரும்பு, நல்ல கனம். கூடத்தில் போட்டால் போதும் தம்பி என்றார். நான்தான் கேட்காமல் தூக்கிக்கொண்டுபோய், வெளிச்சம் விழும் இடம் பார்த்து பால்கனியில் வைத்துக் கொடுத்தேன். கூடத்தில் வைத்திருந்தால், வெளிச்சம் நல்லா இருக்கும் என்று நான் சொன்ன சொல் என்னாவது?

அந்த அம்மாவிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, ஐயா. வெளிச்சம் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.