பழி மட்டும் சினைப்பை மேல

"...ஒரே ஒரு புள்ளதானான்னு கேக்கறா அம்மிணி, அந்த டாக்டரு! எம் பையன் வயசுதான் இருக்கும் அவளுக்கு. வயசுக்கு வந்தது எப்போ, நின்னது எப்போ, எத்தன மாசம் பால் குடுத்தீங்க... வக்கீலே தோத்துப்போவான் போ! நாலஞ்சு பெத்து, பால் குடுத்திருந்தா புத்து வர்ற ஆபத்து கொஞ்சம் கொறையுமாம். அத முப்பது வருசத்துக்கு முந்தியல்ல சொல்லோணும்? இப்பப் போயி எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னா, மனுசன் வேட்டியத் தூக்கிக் கட்டீட்டு ஓடிப்போயிருவாரு!"

கோமதிக்கு ஐம்பத்துமூன்று வயது. வடகரப்பதியில் தென்னந்தோப்பு. காலையில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த பெண்ணிடம் உக்கடத்தில் பேச ஆரம்பித்தாள். பாதி வழி வந்தாகிவிட்டது. இன்னும் மூச்சு விடவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல, வெறும் வாயு. ஆனா போன மாசம் எங்கக்கா செல்லாத்தா கதையச் சொன்னதுந்தேன், உடனே ஊசியக் குத்தி ரத்தத்த எடுத்துட்டா. இன்னிக்குத்தான் முடிவு வந்துச்சு. அக்காளுக்கும் வாயுன்னுதான் நெனச்சோம். ரெண்டு வாய் சோறு தின்னா வயிறு நெறஞ்சுருச்சும்பா. ஒண்ணுக்கு ஒண்ணுக்குன்னு ஓடுவா. சோடா குடுத்தோம், பெருங்காயம் குடுத்தோம்... ஸ்கேன் எடுக்கறப்ப வயிறு பூராவும் பரவீருச்சு. சினைப்பையில புத்து. அவ போயி அஞ்சு வருசமாச்சு.

"இன்னிக்கு என்னமோ புதுசாச் சொல்றா. பல பேத்துக்கு அது சினைப்பையிலயே தொடங்கறதில்லயாமா! கருக்குழாய் இருக்குதல்லோ, அதும் நுனியில துளியூண்டு கெட்டு, வருசக்கணக்காச் சத்தமில்லாமக் கெடந்து, பொறவுதான் பைக்கு வருமாம். வேலயப் பாத்தது குழாயி, பழி மட்டும் சினைப்பை மேல! நாயமா சொல்லு?

"அதுக்கு மேல கேளு. எங்கப்பனோட தங்கச்சி மாருல கட்டி வந்து போனாங்க. மாருல வந்தது வேற, வயித்துல வந்தது வேறன்னு இருந்தேன். ரெண்டுக்கும் ஒரே ஜீன் கோளாறாம். அப்பன் வழியிலயும் வருமாம். எனக்கும் இருக்குதாம். இருந்தா புத்து வந்தே தீரும்னு இல்லயாம், ஆபத்துத்தான் ஜாஸ்தியாம்.

"குழாயும் வேண்டாம் பையும் வேண்டாம், எடுத்துக்கோங்கன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். கத்திக்கு நான் பயப்படறவ இல்ல. ஆனா ஒரு கடுதாசியக் குடுத்தா பாரு... அண்ணன் ஊட்டுல சேத்தீருங்கன்னு! அண்ணனுக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாமாம். அவருக்கு இருந்தா அவரு மக தமிழ்ப்ரியாவுக்கும் வந்திருக்கலாமாம். முப்பது வயசு அவளுக்கு. ரெண்டு ஆபரேசன் வேணும்னாலும் பண்ணிக்கறேன், அந்த ஊட்டுப் படிய மிதிக்கச் சொல்லாதீங்கன்னேன்.

"ஆமா, சண்டைதான். எங்க நங்கை இருக்கறாளே, அண்ணம் பொண்டாட்டி... அவ ஊட்டுல விருந்து தின்னுட்டு வந்த வாரந்தேன் அக்காளுக்கு வயிறு வீங்குச்சு. கறிக்கொழம்புல கைவிசம் வெச்சுட்டான்னு பேச்சு. ஊரு பூராவும் பேச்சு. அவ பொறந்த ஊட்டு வரைக்கும் போயிருச்சு. அவ அம்மா அந்த அவமானத்துலயே படுத்துட்டாங்க.

"ஆரு கெளப்புனதா?"

கோமதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அன்று முதல் தடவையாக அவள் வாய் நின்றது.

"நாந்தேன் அம்மிணி. அக்கா போனதுக்கு ஆரையாச்சும் திட்டோணுமே... கைக்குக் கிட்ட அவதான் இருந்தா. எங்கப்பன் ரத்தத்துல இருந்தத அவ கொழம்புல தேடீட்டேன்... ஏ, இங்கயா எறங்கற? டிக்கெட்டு வேலந்தாவளத்துக்குத்தான எடுத்த?"

டிக்கெட் எடுத்த இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே அந்தப் பெண் இறங்கிப் போய்விட்டாள். கேட்க ஆளில்லை. மடியிலிருந்த பையில் அந்தக் கடுதாசி இருக்கிறதா என்று கோமதி தடவிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். தமிழ்ப்ரியாவின் நம்பரை அவள் அழித்திருக்கவில்லை.

"அத்தையா?"

"அத்தையேதான். போன எடுக்க இத்தன நேரமாடி? உங்கம்மாகிட்டக் குடு."

ஏதோ பாத்திரம் விழும் சத்தம். போன் கை மாறியது.

"நங்கையா, கோமதி பேசறேன். வெச்சறாதீங்க. தப்பு எம்மேலதான். திட்டறதுன்னா நேர்ல திட்டுங்க, நான் வந்துட்டிருக்கேன். புள்ள விசயம்... போன்ல சொல்ல முடியாது."

கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் கிளம்பியது.

"எந்த பஸ்ஸுல வர்றே?" என்றாள் நங்கை.