நாலு கிலோவுக்குக் கீழே

கைக்குழந்தைக்கு எதைப் புகட்டினாலும் நாக்கின் நடுவில் விடக் கூடாது. துப்பிவிடும். கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஓரமாகச் சாய்த்து விட்டால் தன்னால் இறங்கிவிடும். மருந்துக்கடையில் நின்ற பத்தொன்பது வருடத்தில் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சிலர் அடுத்த முறை வரும்போது நன்றி சொல்வார்கள்.

வாயால் சொன்னால் போதாது, உட்கார்ந்து எழுதுங்கள் என்று தாளைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள், மேடம். அதுவும் நல்லதுதான். உங்கள் கோப்பில் என் தங்கை மகன் இறந்ததற்குக் காரணம் என்று இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நாட்டுமருந்துக்கடைக்காரர் விற்ற வேர். இன்னொன்று, வீட்டுப் பெண்களின் அறியாமை. இரண்டும் தவறு. அவர் வயதானவர், சர்க்கரை வியாதி வேறு. லாக்கப்பில் இருக்க வேண்டியவர் இல்லை. அறியாமையைப் பொறுத்தவரை, எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை.

எங்கள் அம்மா இறந்தபோது எனக்குப் பதினேழு வயது, தங்கைக்கு மூன்று. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போயிருந்தார். தங்கையை நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன், இன்றைக்கும். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வேலை தேடினேன். எனக்கு இரண்டு முறை கல்யாணப் பேச்சு வந்தது. குட்டி எங்கே இருப்பாள் என்று கேட்டேன். வந்தவர்கள் காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவளைப் படிக்கவைத்தேன், கல்யாணமும் செய்துவைத்தேன். மாப்பிள்ளை ஏசி மெக்கானிக். நல்ல பையன். தையல்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினார். வீட்டோடு மாப்பிள்ளை என்று நண்பர்கள் கிண்டல் செய்தால், "வாடகை மிச்சம்டா" என்று சிரிப்பார். மூன்று வருடம் அப்படி நன்றாகத்தான் போனது.

குட்டி எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அவருக்கு வேறு ஊரில், ரயிலில் ஒன்றரை நாள் போக வேண்டிய தூரத்தில், பெரிய குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்தது. குழந்தை பிறந்ததும் மூன்று பேராகப் போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் என்னிடம் சொன்னார்கள். "அக்கா, நீங்களும் லீவுக்கு வந்து தங்கணும்" என்றார் அவர். சரி தம்பி என்றேன். குழம்பு ஊற்றினேன்.

பையன் பிறந்தான். இரண்டு கிலோ தொள்ளாயிரம். வீட்டுக்கு அனுப்பும்போது பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. டாக்டர் அம்மா சொன்னார்: "நாலு கிலோ வரட்டும். அப்புறம் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி அவ்வளவு தூரம் வேண்டாம்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்ன வார்த்தை. அவருக்கு மறந்துகூடப் போயிருக்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் அந்தக் குழந்தைக்கு எந்த விஷமும் கொடுக்கவில்லை. பிறந்த குழந்தையின் வயிறு மிகச் சிறியது. அதை எதைக் கொண்டு நிரப்பினாலும் நிறைந்துவிடும். நிறைந்த வயிறு பால் கேட்காது. பிள்ளை கேட்காவிட்டால் தாய்க்குப் பால் ஊறாது. இது எல்லாத் தாய்ப்பால் பிரசுரத்திலும் அச்சடித்திருக்கிறது. எங்கள் கடை மேசையில் அடுக்கி வைத்திருப்போம், இலவசம்தான்.

வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கினேன். குட்டிக்கு மஞ்சளாக, கெட்டியாகச் சீம்பால் வந்தது. "அது வேண்டாம் குட்டி, உள்ளயே தேங்கின பால். பிழிஞ்சு கொட்டிடு. நல்ல பால் வர மூணு நாள் ஆகும்" என்றேன்.

"அதுவரைக்கும் பசிக்குமே அக்கா?"

"சர்க்கரைத் தண்ணி குடுக்கலாம். நீ பிறந்தப்ப அம்மா அப்படித்தான் குடுத்தாங்க."

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். அம்மா என்ற சொல்லைக் கேட்டாலே அவள் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிடும். அவளுக்கு அம்மாவைப் பற்றி எதுவும் நினைவில்லை. அம்மா எப்படிச் சிரிப்பார், எந்தப் பக்கம் படுப்பார், எல்லாம் நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அதனால் அம்மா சொன்னதாக நான் எதைச் சொன்னாலும் அது அம்மா சொன்னதுதான். உண்மையில் அம்மா அவளுக்குப் பிறந்த ஒரு மணி நேரத்திலேயே பால் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நாலாம் நாள் நாட்டுமருந்துக்கடைக்குப் போனேன். கசப்பு வேர் ஒன்றைச் சொல்லிக் கேட்டேன். அவர் பொட்டலம் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தாங்க. வயித்துப் பொருமல்."

"அப்ப சரி. கைக்குழந்தைக்குன்னா குடுக்க மாட்டேன். அதுங்களுக்குத் தாய்ப்பாலே போதும். நிறைய பேர் சொன்னாக் கேக்குறதில்ல."

இதை அவர் உங்களிடமும் சொல்லியிருப்பார். நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். நம்புங்கள்.

அந்த வேரைக் கல்லில் உரசி, ஒரு பாலாடைத் தண்ணீரில் கலக்கி, பால் கொடுக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் புகட்டுவேன். காலையில் வேலைக்குப் போகுமுன், மதியம் சாப்பிட வரும்போது, சாயங்காலம். நான் இல்லாத நேரத்துக்குக் குட்டியையே கொடுக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தேன். வேர் எதற்கு, வெறும் தண்ணீர் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதும். ஆனால் வெறும் தண்ணீர் கொடு என்றால் ஏன் என்று கேட்பார்கள். வேரை உரசினால் யாரும் கேட்பதில்லை. வயிற்றுக்கு நல்லது என்பார்கள். மாப்பிள்ளைகூடக் கல்லைக் கழுவி வைப்பார்.

பன்னிரண்டாம் நாள் சுகாதார நர்ஸ் ஸ்கூட்டரில் வந்தாள். சின்னப் பெண். "தண்ணி கூட வேண்டாங்க. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான்" என்று கண்டிப்பாகச் சொன்னாள். குட்டி என்னைப் பார்த்தாள். நான் நர்ஸைப் பார்த்துத் தலையாட்டினேன், அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவள் படி இறங்கியதும், "பாவம், மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சிட்டுப் போறா. பிள்ளை பெத்தவ மாதிரியா இருக்கு?" என்றேன். குட்டி சிரித்துவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

முப்பதாம் நாள் கடையில் எடை போட்டேன். மூன்று கிலோ நூறு. குட்டி தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் பால் போதலக்கா."

"எல்லாருக்கும் ஊறாது குட்டி. உன்மேல என்ன தப்பு? நான் இருக்கேன்ல."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். கடையில் கூட்டம் இருந்தது. நான் யாரையும் பொருட்படுத்தவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.

மாப்பிள்ளை பதறிப்போய்ப் பால்பவுடர் டின் வாங்கிவந்தார். வீட்டில் மருந்துக்கடைக்காரி நான்தான் என்பதால் கலக்கும் வேலையும் என்னிடமே வந்தது. மூன்று கரண்டி போட வேண்டிய தண்ணீருக்கு ஒரு கரண்டி போட்டேன். பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். பையன் மெலிந்தான், ஆனால் அதிகம் அழவில்லை. அழவும் தெம்பு வேண்டும். அக்கம்பக்கத்தில் சாதுப் பிள்ளை என்றார்கள். புது வேலை கொடுத்தவர்கள் மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். நாங்கள் நாலு பேரும் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பிறகு கடையில் வருடாந்திரச் சரக்கு சரிபார்ப்பு வந்தது. பத்து நாள் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வர முடிந்தது. குட்டிக்கு வேரை உரசுவதென்றால் சோம்பல், பவுடர் கலக்கப் பயம். பையன் வாயைத் திறந்த போதெல்லாம் மார்பில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பதினோராம் நாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, மூணு அறுநூறு! எனக்குப் பால் வருதுக்கா!"

தராசை நானும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"வேர்த்தண்ணி குடுக்காத நாள்லதான்க்கா நல்லாக் குடிக்கிறான்" என்றாள். சந்தேகமாகச் சொல்லவில்லை. என்னிடம் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது. "அதுக்கு முன்னாடி குடுத்தது இப்ப வேலை செய்யுது" என்றேன். அப்படியா என்றாள். அப்போதே என் கையைப் பிடித்து, "எல்லாம் உன்னாலதான்க்கா" என்றாள்.

அதற்குள் நாலு கிலோ வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, அடுத்த ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிறுக்கு மாப்பிள்ளை ரயில் டிக்கெட் எடுத்தார். பீரோவை ஏற்ற லாரிக்காரரிடம் பேசினார். நான் கடையில் ஒரு வாரம் லீவு சொன்னேன்.

அந்த வாரத்தைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். குழந்தை இறக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நாலு கிலோவைத் தொடக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். குட்டியை ஓய்வெடுக்கச் சொன்னேன். ஊருக்குப் போனால் தூங்கக் கிடைக்காது, இப்போதே தூங்கிக்கொள் என்றேன். கதவைச் சாத்தி, பையனை என் அறையில் வைத்துக்கொண்டேன். வெயில் கடுமையாக இருந்தது. தண்ணீர் கொடுக்க அது ஒரு நல்ல காரணம். வியாழக்கிழமை எத்தனை முறை கொடுத்தேன் என்று கேட்டீர்கள். ஏழு முறை. பாலாடையால் அல்ல, பாட்டிலால்.

வெறும் தண்ணீர் அதிகமானால் சின்ன உடம்பில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ரத்தத்தில் உப்பு குறையும், மூளை வீங்கும், வலிப்பு வரும். நாலாவது முறைக்குப் பிறகே அவன் கைகால் துவண்டிருந்தன, உடம்பு சில்லிட்டிருந்தது. குட்டி வந்து எட்டிப் பார்த்தாள். "தூங்குறான், எழுப்பாதே" என்றேன். அவள் பூனைபோலத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு மூன்று முறை கொடுத்தேன்.

மதியம் மூன்று மணிக்கு அவன் இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் ஒரு பக்கமாகவே நின்றது. ஆட்டோவில் குட்டி மடியில் வைத்திருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் அவன் இல்லை. அன்றைக்கு ஐம்பத்தொன்பது நாள்.

"என்ன குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "வேர் உரசிக் குடுத்தோம் டாக்டர், எங்க வீட்டு வழக்கம்" என்றேன். "மருந்துக்கடையில வேலை பாக்குறீங்க, உங்களுக்குமா தெரியாது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்படித்தான் அந்த வேர் உங்கள் கோப்புக்குள் வந்தது. சுகாதாரத் துறைக்காரர்கள் எங்கள் தெருவிலேயே கூட்டம் போட்டு, வேர் உரசாதீர்கள் என்று பேசினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சொன்னது எல்லாமே சரி. ஒரு புள்ளிவிவரத்தை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். நான் திருத்தவில்லை.

மாப்பிள்ளை தனியாகத்தான் வேலைக்குப் போனார். போகிற அன்று குட்டியிடம், "உனக்குப் பால் ஒழுங்கா இருந்திருந்தா இந்த வேரு, பவுடரு எதுவுமே வேண்டியிருந்திருக்காது" என்று சொல்லிவிட்டார். துக்கத்தில் சொன்னது. ஆனால் அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நாலு மாதமாக அவள் என்னோடுதான் இருக்கிறாள். நான் ஊட்டினால் சாப்பிடுவாள். தலை வாரிவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள், மூன்று வயதில் உட்கார்ந்ததைப் போலவே. "என் பால்தான்க்கா அவனைக் கொன்னுடுச்சு" என்று சொல்வாள். அப்படியில்லை என்று நான் ஒருநாளும் சொல்லாமல் இருந்ததில்லை. ஏன் இல்லை என்பதை மட்டும் சொன்னதில்லை. அந்த நாலு மாதமும் நல்ல மாதங்கள் என்று எழுதினால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அவளை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

போன செவ்வாய் நாட்டுமருந்துக்கடைக்காரரைப் பிடித்தீர்கள். மனசாட்சி உறுத்தியதால்தான் வந்தேன். ஒரு நிரபராதி உள்ளே இருக்கும்போது என்னால் சாப்பிட முடியவில்லை. குட்டியைப் பற்றிய கவலையும் இல்லாமல் இல்லை. அதே செவ்வாய்க்கிழமைதான் மாப்பிள்ளை போனில் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அழுதாராம். வந்துவிடு, நாம் முதலிலிருந்து தொடங்கலாம் என்றாராம். அவள் பீரோவைத் திறந்து, துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ரயில்.

அதனால் உண்மையை எல்லாம் எழுதிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். என்ன தண்டனை என்று நான் கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும், மேடம். இந்த வழக்கில் குட்டிதானே முக்கியமான சாட்சி? வழக்கு முடிகிறவரை சாட்சிகள் ஊரை விட்டுப் போகக் கூடாது என்கிறார்களே, அதை அவளிடம் நீங்கள் இன்றைக்கே சொல்லிவிடுவீர்களா?