முந்திரியில் பெயிண்ட் வாசனை

கும்மிடிப்பூண்டியில் கிளம்பிய சாயங்கால ரயிலில், பெயிண்ட் கம்பெனி சீருடையோடு இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"முந்திரில பெயிண்ட் நாத்தம் அடிக்குதாம்க்கா," என்றாள் சின்னவள். "காலைல என் பொண்ணு சொன்னா. பொய் சொல்றான்னு முதுவுல ஒண்ணு வெச்சேன்."

"எப்ப வாங்குனது?"

"தீபாவளிக்கு வந்தது. யார்னா வந்தா குடுக்கலாம்னு ஃப்ரிட்ஜ் மேல வெச்சினு இருந்தேன்."

"அங்க சூடா இருக்கும்டி. காத்து போவாத டப்பால போட்டு உள்ள வெக்கணும். முந்திரில இருக்குற எண்ணெ கெட்டா அப்டித்தான் நாறும். நீ துன்னு பாத்தியா?"

"கசந்துச்சு. வேலைக்கு வந்ததுலேர்ந்து எனக்கு எல்லாமே அப்டித்தான இருக்குது."

சின்னவள் பையிலிருந்து முந்திரி டப்பாவை எடுத்துத் திறந்தாள். பெரியவள் அதை மூக்கருகே வைத்து வெகுநேரம் முகர்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலடி."

"எனக்குந்தான்."

எதிர் சீட்டில் இருந்த எனக்கே அந்த வாசனை வந்தது.

ரயில் பொன்னேரியைத் தாண்டியது. பெரியவள் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அது பெயிண்ட் நாத்தம்னு சின்னப் பொண்ணுக்கு எப்டிடி தெரியும்?"

"உன் மேல வர்ற நாத்தம் மாதிரியே இருக்குதும்மான்னா," என்றாள் சின்னவள், டப்பாவை மூடிக்கொண்டே. "அதுக்குத்தான்க்கா அடிச்சேன்."