கட்டிலுக்கடியில் கிடந்த பலகை

அவைத் தலைமை ஏற்றிருக்கும், முப்பத்தொரு பலகைகளுக்கு உரிமையாளரான நண்பர் ஆர்வோ சால்மி அவர்களே! மரத்தூள் உதறாத சட்டையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! சமையலறை மேசையைக் கணவனின் கிட்டாருக்குப் பறிகொடுத்துவிட்டு, மடியில் தட்டை வைத்துச் சாப்பிடும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் ரெய்னோ மத்திலாவின் வணக்கம்.

ஹான்காக் ஊர்க் கிட்டார் செய்வோர் கழகத்தின் இந்த ஆண்டின் சிறந்த கிட்டார் என்னுடையது என்று அறிவித்தீர்கள். பரிசாக, அடுத்த கிட்டாரின் மேல்பலகைக்கென்று இந்த ஸ்ப்ரூஸ் மரப் பலகையையும் தந்தீர்கள். கைதட்டினீர்கள். நான் மட்டும் தட்டவில்லை. ஏன் தெரியுமா?

நாம் யார்? பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். பல் பிடுங்கியவர் ஆர்வோ. பிழைப்புக்கா கிட்டார் செய்தோம்? பேருக்கா செய்தோம்? ஆசைக்குச் செய்தோம். அந்த ஆசைக்குள் ஒரு நோய் இருக்கிறது. நல்ல பலகை கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? காதருகே பிடித்துத் தட்டுவோம். அங்குலத்துக்கு எத்தனை மர ரேகை என்று எண்ணுவோம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவோம். பிறகு கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவோம். பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்கள் கட்டிலுக்கடியிலும் இருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்கும் அப்படி ஒரு பலகை வந்தது. இருபத்திரண்டு ரேகை. தட்டினால் நின்று ஒலித்தது. என் மனைவி ஆயிலி அப்போது கடையில் வாங்கிய ஒரு மலிவுக் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தாள். அதன் கம்பிகள் அத்தனை உயரம், அழுத்தினால் விரல் கன்றிப்போகும். இந்தப் பலகையில் எனக்கு ஒன்று செய்யுங்கள் என்றாள். செய்கிறேன் என்றேன். எப்போது? கை வரட்டும் என்றேன்.

கை வர வேண்டுமே என்று வேறு மரத்தில் ஒன்று செய்தேன், அதைப் பாதிரியாருக்குக் கொடுத்தேன். இன்னொன்று செய்தேன், அது தங்கை மகனுக்குப் போயிற்று. ஒன்றா இரண்டா, பத்தொன்பது ஆண்டில் பதினொரு கிட்டார்! ஊரெல்லாம் வாசித்தது. என் வீட்டில் மட்டும் அதே மலிவுக் கிட்டார், அதே கன்றிய விரல்.

ஒருநாள் அவளே கேட்டாள்:

“ஏங்க, சுமாரான பலகையிலயே ஒண்ணு செஞ்சு குடுங்களேன். நான் என்ன மேடையிலயா வாசிக்கப் போறேன்?”

“உனக்குப் போய்ச் சுமாரானதா? கொஞ்சம் பொறும்மா.”

அன்பால் சொன்னேன் என்றுதான் அன்று நினைத்தேன். இல்லை ஐயா, இல்லை! அந்தப் பலகையை அறுத்துக் கெடுத்துவிட்டால் என் பெருமை என்னாவது என்ற பயம். கோழைத்தனத்துக்கு நான் வைத்த செல்லப்பெயர் அன்பு.

போன பிப்ரவரியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் தப்பியது. போனது இடது கை. கம்பியை அழுத்தும் கை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அழைத்து வந்த அன்றே பலகையை வெளியே இழுத்தேன். நான்கே மாதத்தில் முடித்தேன். கை வந்துவிட்டதா? கை வரவில்லை, கெடு வந்துவிட்டது. பத்தொன்பது ஆண்டு எதற்குக் காத்திருந்தேன்? நான்கு மாதத்தில் முடிந்த வேலை அது!

நீங்கள் பரிசு கொடுத்த கிட்டார் அதுதான். முதலில் அவள் மடியில்தான் வைத்தேன். வலக்கை விரலை மடக்கி மேல்பலகையைத் தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, எந்தக் கோபமும் இல்லாமல் கேட்டாள்:

“நல்லாருக்கு. யாருக்கு?”

இதோ, மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறாள். அவளைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியவன் இங்கே நிற்கிறான்.

ஆர்வோ, உங்கள் மகள் ஹெல்மி எட்டு ஆண்டுகளாக உங்களிடம் ஒரு கிட்டார் கேட்கிறாள். நல்ல பலகை வரட்டும் என்கிறீர்கள். வந்துவிட்டது, நீங்கள் தந்த இந்தப் பரிசுப் பலகைதான், இந்தாருங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இதன்மேல் கிட்டாரின் உருவத்தை வரைந்துவிட்டேன். பென்சிலால் அல்ல, அழித்துவிடுவீர்கள். மையால் வரைந்திருக்கிறேன். இனி இதைப் பத்திரப்படுத்த முடியாது. அறுக்கத்தான் முடியும்.

என்ன ஆர்வோ? கெட்டுவிட்டது என்கிறீர்களா? ஆம், கெடுத்துவிட்டேன். எனக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே யாராவது இப்படிக் கெடுத்துக் கொடுத்திருக்கலாம்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுத்துக்கொண்டே இருந்தவளுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. வணக்கம்.