கதிரேசன் வர்ற வரைக்கும்

…அதத்தான்மா சொல்றேன், தம்பிகிட்ட செஸ் கிளாஸுக்குப் பிள்ளையச் சேக்கணும்னு மூணு பேரு வந்தாங்க, மூணு பேரும் இதே சோபாலதான் உக்காந்தாங்க. தம்பி வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போய்ட்டாங்க! இந்த சிங்கப்பூர்ல யாருக்குமே பொறுமை இல்ல லா. நீங்க நல்லா உக்காருங்க, மோகனப்பிரியா. கதிரு கொத்தமல்லி வாங்கக் கீழ போயிருக்கான், இப்ப வந்துருவான்… கொத்தமல்லிக் கட்டப் பாத்து யோசிக்க ஆரம்பிக்காம இருந்தான்னா!

சிரிக்காதீங்க. போன வாரம் தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்க அனுப்பினேன். இத வாங்கினா கொழம்பு, கொழம்பு வச்சா நாளைக்கு மிச்சம், மிச்சமானா அக்கா திட்டுவா… இப்படி நாலு நகர்த்தல் தள்ளி என்னாகும்னு அவன் நின்னு யோசிக்கறதுக்குள்ள மீன் பூரா வித்துப்போச்சு! வெறுங்கையோட வந்தவன் நேரா போயி எழுத உக்காந்துட்டான். வாங்காத மீனப் பத்தி அவ்ளோ அழகான கட்டுரை! படிச்சேன். சோத்துக்கு ரசம்தான்.

மெல்பர்ன்ல நல்ல வேலைம்மா. அத விட்டுட்டு, எழுதறேன், செஸ் சொல்லித் தரேன்னு ஆங் மோ கியோல என்கூட வந்து இருக்கான். பிள்ளைங்க சேரலன்னா திரும்பிப் போயிருவேங்கறான். அவனும் போயிட்டா நான் யார்கூடம்மா பேசறது? தனியா உக்காந்து தனக்குத் தானே ஆடுவான். தோத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவான். டேய், ஜெயிச்சவனும் நீதானடா, கொஞ்சம் சிரியேன்னா… ம்ஹூம்!

என்னது? உங்க பொண்ணு ரக்ஷனாவ இன்னிக்கே சேத்துடறீங்களா? அப்பாடா! ஸ்கூல் டீம் செலக்‌ஷன் அடுத்த மாசமா? ஐயோ, அதுக்குள்ளயா! அவன் மொத வருசம் பூரா தோக்கத்தானே சொல்லித் தருவான்! தோத்துட்டு, கை குடுத்துட்டு, எங்க தப்புப் பண்ணோம்னு தமிழ்ல ஒரு பக்கம், இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதிட்டு வரணும்… என்னம்மா, கைப்பைய எடுக்கறீங்க? உக்காருங்க. ஜெயிக்கிற ஆட்டத்துல தேவையில்லாம இன்னொரு காய நகத்தாதக்கான்னு எங்கிட்ட தெனமும் சொல்வான். எனக்கு செஸ்ஸே தெரியாது, எங்கிட்ட எதுக்குச் சொல்றான்? இருங்க, டீ எடுத்துட்டு வரேன். அந்த வெள்ளக் குதிரை மேல உக்காந்துராதீங்க, அதத்தான் ரெண்டு நாளா தேடிட்டு…

மோகனப்பிரியா? எம்மா…? செருப்பையும் காணோமே!

டேய் கதிரு! வந்துட்டியா? நாலாவதும் போச்சுடா! …என்னது, லிஃப்ட்கிட்ட பாத்தியா? சேத்துட்டாங்களா? நெசமாவா! தோத்தா அழற பிள்ளையாம், அதுக்கு இதுதான் வேணும்னாங்களா? அப்படிப் போடு! அப்புறம் ஏன்டா டீ கூட குடிக்காம ஓடினாங்க?

ஒரே ஒரு கண்டிஷனா? கிளாஸ் வீட்ல வேணாமா? கீழ, பிளாக்குக்கு அடியில தெறந்து கெடக்கற வாய்ட் டெக் மேசையிலதான் வைக்கணுமாமா? ஏன்டா, நம்ம வீட்டுக்கு என்ன கொறைச்சல்? நீ எதுக்கு இப்படிச் சிரிக்கற? கொத்தமல்லி எங்க?

சரி விடு. கீழன்னா காத்தாட நல்லாத்தான் இருக்கும். நானும் டீய எடுத்துட்டு வந்து உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன்.