அப்பாவின் காருக்கு ஏசி போட்டேன்

பழைய காருக்கு ஏசி போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. இடம்தான் கிடைக்காது. அந்தக் காலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போனார்கள். இப்படி ஒரு சாமானை உள்ளே திணிப்போம் என்று யார் கண்டார்கள்.

அந்தக் கார் எனக்கு மனப்பாடம். இருபது வருடம் அதற்கு அடியில் படுத்து எழுந்தவன் நான். தம்பி பானெட்டைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் போன வருடம் அப்பா வண்டியை அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"நீ வண்டியைப் பார்த்தா எங்க ரிப்பேர்னுதான் பார்ப்ப. அவன்தான்டா ஆசையா ஓட்டுவான்" என்றார்.

வயிறு எரிந்தது, மறைப்பானேன். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் முன்பு தம்பி என் பட்டறைக்கு வந்தான். "அண்ணா, அப்பாவுக்கு வெக்கை தாங்கல. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு ஏசி போட்டுக் குடேன்."

நன்றாகவே போட்டுக் கொடுத்தேன். கம்ப்ரசரைத் தாங்கும் இரும்பை நானே வெட்டினேன். குழாய் உள்ளே வருவதற்கு, இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள தகட்டில் துளை போட வேண்டும். அதை ரப்பர் வைத்து அடைக்காவிட்டால் புகை உள்ளே வரும். அந்த வண்டியில் புகைக்குழாய் பல வருடமாகவே கசிகிறது. கண்ணாடி திறந்திருந்தவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் ஒரு துளையை அடைக்கவில்லை. மறதி என்றால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். தொழிலில் நான் எதையும் மறப்பவன் இல்லை.

"கண்ணாடியை இறக்கிடாதடா, குளிர் போயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். தம்பி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அவனுக்குத் தலை சுற்றட்டும், எங்காவது மோதி வண்டி நொறுங்கட்டும் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் அப்பா இருப்பார் என்று தெரியாதா என்பீர்கள். தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியில் குமட்டியதால் தம்பி ஓரங்கட்டி இறங்கியிருக்கிறான். தூங்குகிற அப்பாவுக்கு வேர்க்கக் கூடாதென்று இன்ஜினை ஓடவிட்டு, கதவையும் சாத்திவிட்டு, வாந்தி எடுக்கப் போனவன் மயங்கி விழுந்துவிட்டான். அவன் எழுந்து வர அரைமணி நேரம் ஆனது. அதற்குள் அப்பா போய்விட்டார்.

வயசான உடம்பு என்று ஊரே சமாதானம் சொன்னது, அதுவும் தம்பிக்கு. முன்சீட்டு ஒரே நீளம். அப்பா அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாராம். "உன் தோள்லயே கண்ண மூடிட்டாருப்பா, நீ குடுத்து வச்சவன்" என்றாள் அத்தை. இன்றைக்கும் வருகிறவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள்.

அதைக் கேட்கச் சகிக்காமல்தான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். எல்லாம் நான் செய்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அப்பாவின் சாவிலாவது அவனுக்குப் பங்கு வேண்டாம்.