பச்சைக்கொடி காட்ட மறுத்த எங்கள் தலைவிக்கு

மண்ணின் மூச்சை மதித்த மாண்பாளரே! நாற்காலியைத் தேய்க்காமல் செருப்பைத் தேய்த்த நல்லவரே! எங்கள் நுண்ணுயிர் ஆய்வகத்தின் நாயகியே! காலில் சக்கரம் கட்டியவர் என்பதால் தங்களை முதுகுக்குப் பின்னால் ‘சக்கரக்கா’ என்றே அழைத்தோம். தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் முகத்துக்கு நேரே அழைக்கிறோம், பொறுத்தருள்க!

சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டி உடைந்து, ஆற்றோர வயல்களில் நஞ்சு பாய்ந்த ஆண்டை மறப்போமா! மெல்ல நாற்றம் அடங்கியது. ரசாயன அளவும் வரம்புக்குள் இறங்கியது. விதைக்கலாம் என்று தங்கள் கையெழுத்தை ஊரே கேட்டது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்களைப் பார்க்காமல் பேனாவைத் தொட மாட்டேன் என்றீர்கள். பார்த்தோம். பல வகைகள் கூடி வாழ்ந்த இடத்தில் நஞ்சைத் தாங்கும் சில வகைகளே பெருகிக் கிடந்தன. பயிருக்குத் தழைச்சத்தைப் பக்குவப்படுத்தித் தரும் கூட்டமோ ஏறக்குறைய அற்றே போயிருந்தது.

பட்டறைக்காரர்கள் முறைத்தது பெரிதல்ல. பாதிக்கப்பட்டவர்களே நம் வாசலில் திரண்டார்கள். “கண்ணுக்கே தெரியாத கிருமிக்காக எங்க வயித்துல அடிக்கிறீங்களேம்மா!” என்று கத்தினார் ஆற்றோரத்து வயல்காரர் ஒருவர்.

தாங்கள் வாசலுக்கே இறங்கி வந்தீர்கள். “இப்ப விதைச்சா விதையும் போகும், உழைப்பும் போகும்ண்ணே. என்னைத் திட்டுங்க, பரவால்ல. கையெழுத்து மட்டும் போட மாட்டேன்.”

“அப்ப வேற வழி சொல்லுங்க!”

வழி தேடி ஆய்வக நடைவழியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தே தேய்ந்தீர்கள். பிறகு அவர் வயலையே கேட்டு வாங்கி, ஒரு பாதியில் மக்கிய உரமும் நல்ல வயலின் மண்ணும் கலந்தீர்கள். மறுபாதியைத் தொடாமல் விட்டீர்கள். இரண்டிலும் விதைத்துவிட்டு, தாங்களும் தூங்காமல் எங்களையும் தூங்கவிடாமல் வயலுக்கும் ஆய்வகத்துக்குமாக அலைந்தீர்கள். தொடாத பாதியில் பயிர் மஞ்சளித்துச் சுருண்டது. கலந்த பாதியிலோ தயங்கித் தயங்கிப் பச்சை பிடித்தது.

வயல்காரர் குந்தி உட்கார்ந்து, சுருண்ட இலையைத் தடவிப் பார்த்தார். “நீ அன்னிக்கு வளைஞ்சிருந்தா முழு வயலும் இப்படித்தான் போயிருக்கும், தங்கச்சி.” அதன்பின் பட்டறையின் செலவிலேயே மற்ற வயல்களுக்கும் உரம் ஏறியது.

ஆனாலும் நஞ்சு தேங்கிய பள்ளத்து வயல்கள் இன்னும் தேறவில்லை. அதனால்தானே மாலையும் கழுத்துமாக மேடையில் அமர்ந்தும் தங்கள் கண்கள் கதவையே நாடுகின்றன! அந்த மண்ணுக்கு உயிர் எப்போது திரும்புமோ, அறியோம். அறிவோம் என்று எழுதினால் தாங்களே எழுந்து வந்து அடித்துத் திருத்துவீர்கள்.

நோயின்றி வாழ்க! நெடுநாள் வாழ்க! ஓய்ந்திருங்கள் என்று வாழ்த்த மட்டும் எங்களுக்கு நா எழவில்லை. நாளைக் காலை பள்ளத்து வயலுக்கு மண் எடுக்க வண்டி கிளம்புகிறது. தங்கள் முன் இருக்கையில் வேறு யாரும் உட்காரப் போவதில்லை, அக்கா.

தங்கள் பின்னே மூச்சிரைக்க ஓடிய,
மண் நுண்ணுயிர் ஆய்வகப் பணியாளர்கள்